ஹார்ட் ரேட் பாடத்துக்கு என்ன வாங்கலாம்? விரல், ஆக்சிமீட்டர், வாட்ச், பட்டை, மைக்ரோபிட் ஒரு ஒப்பீடு

சிங்கப்பூர்ல செகண்டரி ஒன்னு, ரெண்டுக்கு சயின்ஸ் எடுக்கிற டீச்சருங்க, வார இறுதியில டியூஷன் நடத்துறவங்க, பிள்ளையோட ப்ராஜெக்ட்டுக்கு எதை வாங்கிக் கொடுக்கறதுன்னு புரியாம நிக்கிற அம்மா அப்பா, எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான். உடற்பயிற்சி பண்ணா இதயத்துடிப்பு எப்படி மாறுதுன்னு பிள்ளைங்களுக்கு காட்டணும், அதுக்கு வாட்ச் வாங்கறதா, சென்சார் வாங்கறதா, இல்ல பழையபடி மணிக்கட்டுல விரல் வச்சு எண்ணச் சொன்னா போதுமா?

என் முடிவை முன்னாடியே சொல்லிடறேன். விரலால எண்ணறது எல்லா பிள்ளையும் கண்டிப்பா செய்யணும், அதுக்கு மேல ஓடும்போதும் சரியா அளக்கிற கருவி குரூப்புக்கு ஒன்னு இருந்தா போதும். வகுப்புல நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு வாட்ச்ங்கிற யோசனையை விட்டுடுங்க. ஏன்னு ஒவ்வொன்னா பாப்போம், ஏன்னா உங்க நிலைமை வேற மாதிரி இருந்தா உங்களுக்கு வேற ஒன்னு சரியா இருக்கலாம்.

முதல்ல, எதை வச்சு முடிவு பண்றது

கடையில போய் பாத்தா எல்லா கருவியும் ஹார்ட் ரேட் காட்டும்னுதான் எழுதியிருக்கும். நாம கேக்க வேண்டியது, எப்போ காட்டும்? உக்காந்திருக்கும்போது எல்லாமே ஓரளவு சரியா காட்டும், ஆனா நம்ம பாடமே உடம்பு ஆடும்போதும் ஆடி நின்ன உடனேயும் என்ன நடக்குதுங்கிறதுதான். குறிப்பா நின்ன பிறகு வர்ற முதல் நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துல துடிப்பு கடகடன்னு இறங்கிடும், பிள்ளைங்களுக்கு பெரியவங்களை விட இன்னும் வேகமா இறங்கும். அந்த இறக்கத்தை பிடிக்க முடியாத கருவி பாடத்துல பாதியை விட்டுடுது.

அடுத்தது, எல்லா பிள்ளையும் கை வச்சு செய்யுதா, இல்ல ஒருத்தன் ஓட மத்தவங்க வேடிக்கை பாக்கிறாங்களா. அப்புறம் நேரம். ஒரு மணி நேர பீரியட்னு பேருதான், லேப்புக்கு வந்து உக்காந்து அட்டெண்டன்ஸ் எடுத்து முடிச்சா கையில நிக்கறது நாற்பது நிமிஷம், அதுல பதினைஞ்சு நிமிஷம் ப்ளூடூத் கனெக்ட் பண்றதுலயே போச்சுன்னா பாடம் எங்க நடக்கும்.

கடைசியா வெளிய தெரியாத செலவுங்க இருக்கு. பேட்டரி, சார்ஜர், துவைக்க வேண்டிய பட்டை, ஆப்புக்கு அக்கவுண்ட். இதோட பிள்ளைங்களோட கூச்சத்தையும் சேத்துக்கணும். பதிமூணு வயசுல சட்டைக்குள்ள பட்டை கட்டச் சொன்னா அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்னு யோசிக்காம கேட்டலாக் பாத்து ஆர்டர் போடக்கூடாது.

| கருவி | ஆடும்போது நம்பலாமா | முதல் நிமிஷ இறக்கம் | தயார் பண்ற நேரம் | தெரியாம வர்ற செலவு |
|---|---|---|---|---|
| விரல், ஸ்டாப்வாட்ச் | முடியாது, நின்னுதான் எண்ணணும் | ஓரளவு பிடிக்கலாம் | இல்லைன்னே சொல்லலாம் | பழக ஒரு பீரியட் |
| ஆக்சிமீட்டர் (விரல்ல மாட்டி ரத்த ஆக்சிஜனும் துடிப்பும் பாக்கிறது) | இல்ல | சில வினாடி தாமதம் | ரொம்ப குறைவு | பேட்டரி, துடைக்கறது |
| வாட்ச், பேண்ட் | சிலசமயம் தப்பும் | சுமார் | நிறைய | சார்ஜிங், அக்கவுண்ட், ஸ்கூல் அனுமதி |
| நெஞ்சுப் பட்டை | நம்பலாம் | நல்லா பிடிக்கும் | நடுத்தரம் | துவைக்கறது, கூச்சம் |
| மேல்கைப் பட்டை | பெரும்பாலும் நம்பலாம் | நல்லா பிடிக்கும் | நடுத்தரம் | சார்ஜிங் |
| கைப்பிடி சென்சார் | கை அசையாம இருந்தா | நல்லா பிடிக்கும் | குறைவு | விலை |
| மைக்ரோபிட் (கோடிங் பழகற சின்ன போர்டு) | பட்டன் முறையில நின்னுதான் | ஓரளவு | கோடிங் எழுதற நேரம் | சென்சார் ஒயர் உடையறது |

விரலும் ஸ்டாப்வாட்ச்சும்

இதை பழைய முறைன்னு ஒதுக்கிடாதீங்க. தன் நாடியை தானே விரல்ல தொட்டு உணர்ந்த பிள்ளைக்கு "துடிப்பு"ங்கிறது திரையில ஓடுற நம்பர் இல்ல, உள்ள நடக்கிற ஒரு விஷயம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கட்டைவிரல் பக்கமா மணிக்கட்டுல, எலும்புக்கும் நரம்பு மாதிரி தெரியற தசைநாணுக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துல, லேசா. கட்டைவிரலை வச்சு எண்ணக்கூடாது, அதுலயே ஒரு நாடி துடிக்குது. கழுத்துல எண்ணினா சுலபமா கிடைக்கும்தான், ஆனா ரெண்டு பக்கமும் சேத்து அமுக்கவே கூடாது, ஒரு பக்கமா இருந்தாலும் அழுத்தினா அங்க இருக்கிற ரத்த அழுத்த உணரிகள் தூண்டப்பட்டு துடிப்பே குறைஞ்சிடும், அப்ப நீங்க அளக்க வந்ததை நீங்களே மாத்திட்டீங்கன்னு ஆயிடுது.

இதுல இருக்கிற கணக்குதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. 15 வினாடி எண்ணி நாலால பெருக்கறோம். ஒரே ஒரு துடிப்பை விட்டுட்டா விடையில 4 குறையுது. 10 வினாடின்னா 6. அப்ப முழு நிமிஷம் எண்ணினா நல்லதுதானேன்னு பிள்ளைங்க உடனே கேப்பாங்க, ஓய்வா இருக்கும்போது ஆமா நல்லதுதான். ஆனா ஓடி நின்ன உடனே முழு நிமிஷம் எண்ணினா, எண்ண ஆரம்பிச்சப்ப இருந்த துடிப்பு வேற, எண்ணி முடிக்கும்போது இருக்கிறது வேற, கிடைக்கறது ரெண்டுக்கும் நடுவுல ஒரு சராசரி. உதாரணத்துக்கு ஒரு பிள்ளை ஸ்டெப் ஏறி இறங்கி நின்ன உடனே 15 வினாடியில 39 எண்ணுதுன்னு வச்சுக்குங்க, 156. ஒரு நிமிஷம் கழிச்சு திரும்ப 15 வினாடி எண்ணினா 29, அதாவது 116. அதே பிள்ளை நின்னதுலேர்ந்து முழு நிமிஷமும் எண்ணியிருந்தா 130-க்கு பக்கத்துல ஏதோ ஒரு நம்பர் வந்திருக்கும், உச்சமும் தெரியாது இறக்கமும் தெரியாது. குறைச்சு எண்ணினா பிழை பெருகுது, நீட்டி எண்ணினா மாற்றம் மறைஞ்சு போகுது. அளவிடுதல்ங்கிற விஷயத்தை இதை விட தெளிவா சொல்லிக் கொடுக்க எந்த விலையுயர்ந்த சென்சாராலயும் முடியாது.

குறை என்னன்னா சில பிள்ளைங்களுக்கு நாடியே கிடைக்காது, ரொம்ப நேரம் தேடுவாங்க, அதுக்குள்ள துடிப்பு இறங்கிடும். அதனால உடற்பயிற்சிக்கு முந்தின வகுப்புலயே தேடிப் பழகிடணும், கிடைச்ச இடத்துல பேனாவால சின்னதா ஒரு புள்ளி வச்சுக்கச் சொல்லுங்க. ரெண்டு ரெண்டு பேரா செய்யறது இன்னும் நல்லது, ஒருத்தர் எண்ண ஒருத்தர் நேரம் பாக்க.

எப்ப இதுவே போதும்: ப்ரைமரி ஃபைவ்ல ரத்த ஓட்ட மண்டலம் முதல் தடவை படிக்கும்போது, டியூஷன்ல, பட்ஜெட்டே இல்லாத இடத்துல.

வீட்டு அலமாரியில கிடக்கிற ஆக்சிமீட்டர்

2021-ல தெமாசெக் அறக்கட்டளை சிங்கப்பூர்ல வீட்டுக்கு ஒரு ஆக்சிமீட்டர் இலவசமா கொடுத்துச்சு, சூப்பர்மார்க்கெட்ல போய் வரிசையில நின்னு வாங்கிட்டு வந்தோம். கோவிட் முடிஞ்சு இன்னிக்கு நிறைய வீட்ல அது பேட்டரி கழட்டாம ட்ராயர்ல கிடக்கு. பிள்ளைங்களை ஆளுக்கு ஒன்னு கொண்டு வரச் சொன்னாலே பாதி வகுப்புக்கு கிடைச்சிடும், செலவு டிரிபிள் ஏ பேட்டரி மட்டும்தான். பழைய பேட்டரி கசிஞ்சு துருப்பிடிச்சிருந்தா அதை விட்டுடுங்க.

இந்தக் கருவி சிவப்பு ஒளியையும் கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியா அனுப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறையும்போது எவ்வளவு ஒளி மறுபக்கம் வருதுன்னு பாக்குது. 1970-கள்ல ஜப்பான்ல தக்குவோ அவோயாகிங்கிற இன்ஜினியர் கண்டுபிடிச்ச தத்துவம். விரல் அசைஞ்சா கெட்டுடும், அதனால ஆடும்போது இது உதவாது. நின்ன உடனே மாட்டினாலும் நம்பர் நிலைக்க சில வினாடி ஆகும். ஏர்கான் லேப்ல கை சில்லுன்னு ஆயிட்டா சிக்னல் பலவீனமாயிடும், ரெண்டு கையையும் தேய்ச்சு சூடாக்கிட்டு மாட்டச் சொல்லுங்க. தீபாவளி நேரத்துல கருப்பு நகப்பூச்சு போட்டுட்டு வந்த பிள்ளைக்கு நம்பர் வரலைன்னா, பயப்பட வேண்டியதில்ல, பூச்சு இல்லாத விரலுக்கு மாத்துங்க.

ஆனா இதுல மத்த கருவிங்க பெரும்பாலும் தராத ஒரு விஷயம் இருக்கு, அதுக்காகவே நான் இதை சிபாரிசு பண்ணுவேன். "ஓடின பிறகு ரத்தத்துல ஆக்சிஜன் குறையுமா கூடுமா?"ன்னு முன்னாடியே கேட்டு எழுதச் சொல்லுங்க. மூச்சு வாங்குதே, அப்ப குறைஞ்சிருக்கும்னுதான் பெரும்பாலான பிள்ளைங்க எழுதுவாங்க. அப்புறம் ஓடிட்டு வந்து பாத்தா 98-ஓ 97-ஓ, முன்னாடி இருந்த மாதிரியேதான் இருக்கும். பக்கத்துல துடிப்பு நம்பர் மட்டும் எகிறியிருக்கும். ஏன்? தசை அதிகமா ஆக்சிஜன் கேக்குது, நுரையீரலும் இதயமும் வேகமா வேலை செஞ்சு அந்த தேவையை ஈடு கட்டுது, அதனாலதான் தமனி ரத்தத்துல அளவு குறையல. துடிப்பு எதுக்காக ஏறுதுங்கிறதுக்கு பதிலே அந்த ரெண்டு நம்பருக்கு நடுவுலதான் இருக்கு. பாடப் புத்தகத்துல நாலு வரியில வர்ற விஷயம் பிள்ளையோட விரல் நுனியிலயே நடக்குது.

ஒரு எச்சரிக்கை. 2020-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஆய்வு, கருப்பின நோயாளிங்ககிட்ட ஆக்சிமீட்டர் ஆக்சிஜனை உண்மையை விட கூடுதலா காட்டுறது வெள்ளையரை விட அதிக தடவை நடக்குதுன்னு சொல்லுச்சு. நம்ம வகுப்புல எல்லா நிற பிள்ளைங்களும் இருக்காங்க, அதனால ஒரு பிள்ளையோட ஆக்சிஜன் நம்பரை இன்னொரு பிள்ளையோட ஒப்பிட வேண்டாம், அதே பிள்ளைக்கு முன்னும் பின்னும் மட்டும் பாருங்க.

வாட்ச், ஃபிட்னெஸ் பேண்ட்

எல்லாரும் முதல்ல கேக்கறது இதைத்தான், நான் கடைசியா சொல்றதும் இதைத்தான்.

அடியில பச்சை வெளிச்சம் அடிக்குதே, அது தோல் வழியா உள்ள போய் ரத்தத்துல உறிஞ்சப்பட்டு மிச்சம் திரும்பி வருது, அதை வச்சுதான் துடிப்பை கணக்கு போடுது. மணிக்கட்டு ஆடும்போது வாட்ச்சும் தோல் மேல ஆடுது, அந்த ஆட்டமும் ஒரு தாளம்தானே. சிலசமயம் வாட்ச் துடிப்பை விட்டுட்டு காலடியை எண்ண ஆரம்பிச்சிடும். நிமிஷத்துக்கு 160 அடி வச்சு ஓடுற பிள்ளைக்கு வாட்ச்ல 160-னு காட்டினா அது இதயமா காலான்னு சொல்ல முடியாது. நின்ன உடனே விரல்ல எண்ணிப் பாத்தா 138 வரும். இதைக் கண்டுபிடிக்கச் சொல்லி பிள்ளைங்களுக்கு ஒரு வேலையா கொடுத்தா அருமையான பாடம், அதை நான் மறுக்கல, ஆனா அதுக்கு ரெண்டு வாட்ச் போதுமே.

சிங்கப்பூர்ல இப்ப இன்னொரு சிக்கல். 2026 ஜனவரியிலேர்ந்து செகண்டரி பிள்ளைங்க ஸ்கூல் நேரம் முழுக்க, ரிசெஸ், சிசிஏ (பாடத்துக்கு வெளிய நடக்கிற துணைப்பாட நடவடிக்கை) உட்பட, ஸ்மார்ட்போனும் ஸ்மார்ட்வாட்ச்சும் பயன்படுத்தக்கூடாதுன்னு கல்வி அமைச்சு விதி கொண்டு வந்திருக்கு. தேவைன்னா ஸ்கூல் விதிவிலக்கு கொடுக்கலாம். அதனால "பிள்ளைங்க வச்சிருக்கிற வாட்ச்சையே பயன்படுத்திக்கலாம்"னு திட்டம் போட்டிருந்தா முதல்ல ஸ்கூல்ல அனுமதி வாங்குங்க, வகுப்பு நாள் அன்னிக்கு போய் கேக்காதீங்க.

செலவையும் பாப்போம். நாற்பது பேண்ட், ஒவ்வொன்னுக்கும் அதோட சொந்த சார்ஜர், பெரும்பாலானது ஆப்புல அக்கவுண்ட் கேக்கும், அக்கவுண்ட்னா பிறந்த தேதி, எடை, உயரம், அது எந்த நாட்டு சர்வர்ல போய் உக்காருதுன்னு உங்களுக்கு தெரியுமா. பிள்ளைங்களோட உடம்பு விவரம் இது, பெத்தவங்ககிட்ட கேக்காம கொடுக்கறதுக்கு நமக்கு உரிமை இல்ல.

எப்ப இது நல்லது: நாள் முழுக்க, ஒரு வாரம் முழுக்க துடிப்பு எப்படி இருக்குன்னு பாக்கிற ப்ராஜெக்ட்டுக்கு. தூங்கும்போது எவ்வளவு, தேர்வு அன்னிக்கு காலையில எவ்வளவு, இதுக்கெல்லாம் வேற எதுவும் ஈடில்ல. அரசாங்கம் நடத்தின ஸ்டெப்ஸ் சேலஞ்ச் நடைத் திட்டத்துல அப்பா அம்மாவுக்கு கிடைச்ச பேண்ட் வீட்ல இருந்தா, துடிப்பு அளக்கிற மாடலான்னு பாத்துட்டு, அதை வச்சே வீட்டு ப்ராஜெக்ட் செய்யலாம்.

போன் கேமராவுல விரல் வைக்கிற ஆப்பும் இதே ஒளி வித்தைதான். போன் விதியைத் தவிர, பிள்ளைங்க பள்ளிக் கருவியா வச்சிருக்கிற ஐபேட்ல நிறைய மாடலுக்கு ஃப்ளாஷே கிடையாது, அதனால வகுப்புக்கு இதை நம்பி இறங்க வேண்டாம்.

நெஞ்சுப் பட்டை, மேல்கைப் பட்டை

நெஞ்சுப் பட்டை ஒளியை நம்பல, இதயத்தோட மின் சிக்னலையே எடுக்குது, ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுக்கிற மாதிரி. அதனால ஓடினாலும் குதிச்சாலும் நம்பர் நிக்கும். பின்லாந்தோட போலார் கம்பெனி 1980-கள் ஆரம்பத்துலயே ஒயர் இல்லாம இதைச் செஞ்சு விளையாட்டு வீரர்களுக்கு வித்துச்சு, இன்னிக்கும் மத்த கருவிங்களை சரி பாக்க இந்த வகைப் பட்டையைத்தான் அளவுகோலா வைக்கிறாங்க. ப்ரொஜெக்டர்ல நேரடியா கிராஃப் ஓடவிட்டா ஒரு அழகான விஷயம் தெரியும், "ரெடி"ன்னு சொன்ன உடனே, பிள்ளை இன்னும் ஒரு அடி கூட வைக்கல, கோடு மேல ஏற ஆரம்பிச்சிடும். மூளை முன்கூட்டியே இதயத்துக்கு சொல்லிடுது. வகுப்பே "ஹே"ன்னு சத்தம் போடும். விரல்ல எண்ணி இதைக் காட்டறது ரொம்ப கஷ்டம்.

ஆனா கட்டறது? ஈரப்படுத்தி, சட்டைக்குள்ள, தோல் மேல, மார்புக்கு கீழ. அதுக்கு டாய்லெட் போகணும், அளவு சரி பண்ணணும், அடுத்த பிள்ளைக்கு கொடுக்கறதுக்கு முன்னாடி துவைக்கணும். விலையும் நல்ல பட்டைன்னா கொஞ்சம் அதிகம்தான். கட்ட விருப்பமில்லாத பிள்ளையை, அதுவும் இந்த வயசுல, "ஒன்னும் ஆகாது கட்டு"ன்னு சொல்லவே கூடாதுங்கிறது என் உறுதியான கருத்து. டீச்சரே ஒன்னு கட்டிக்கிட்டு முன்னால நின்னு காட்டலாம்.

பிள்ளைங்களுக்குன்னு வாங்கினா மேல்கைப் பட்டைதான் என் தேர்வு. வாட்ச் மாதிரி ஒளியில வேலை செய்யறதுதான், ஆனா முன்கை சதையிலயோ மேல்கையிலயோ இறுக்கமா உக்காந்துக்கறதால ஆட்டம் குறைவு, மணிக்கட்டை விட நல்லா பிடிக்குது. பிஈ (உடற்கல்வி) டீ-ஷர்ட் கையை கொஞ்சம் தூக்கினா போதும், நீளக்கை போடுற பிள்ளைங்க ஓரமா போய் தானே மாட்டிக்கலாம். நாலு பேருக்கு ஒன்னுன்னா நாற்பது பேருக்கு பத்து. ப்ளூடூத்ல பத்து பட்டை ஒரே நேரத்துல தேடினா எது யாரோடதுன்னு குழப்பம் வரும், பட்டைக்கு மேல நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, அந்தந்த குரூப்போட லேப்டாப்ல முந்தின நாளே கனெக்ட் பண்ணி வச்சிடுங்க.

லேப் கைப்பிடி சென்சார்

ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கற மாதிரி வரும், இதுவும் மின் சிக்னல்தான், வெர்னியர் மாதிரி கம்பெனிங்க பள்ளிக்கூடத்துக்காகவே செய்யறாங்க. கட்ட வேண்டியதில்ல, கூச்சமில்ல, பிடிச்ச கொஞ்ச நேரத்துல கிராஃப் வந்துடும், துடைச்சு அடுத்தவங்ககிட்ட கொடுத்துடலாம். ஸ்டெப் ஏறி இறங்கும்போது கூட பிடிச்சிருக்கலாம், ஆனா இறுக்கிப் பிடிச்சா கைத்தசையோட சிக்னல் குறுக்க வந்து கோடு தாறுமாறா ஓடும். ஸ்கூல் லேப்ல ஏற்கனவே டேட்டா லாகர் (சென்சார் அளவுகளை பதிவு பண்ற பெட்டி) இருந்தா யோசிக்காம இதை எடுங்க. இல்லாத இடத்துல புதுசா வாங்கறதுக்கு விலை அதிகம், டியூஷன் சென்டருக்கு தேவையில்ல.

மைக்ரோபிட்

2017-லேர்ந்து ஐஎம்டிஏ (தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம்) நிறைய ஸ்கூலுக்கு மைக்ரோபிட் கொடுத்திருக்கு, எங்கயாவது ஸ்டோர் ரூம்ல ஒரு பெட்டி இருக்கும், கேட்டுப் பாருங்க. நாடி சென்சாரை ஒயர்ல மாட்டி செய்யறது ஆசையைத் தூண்டும், ஆனா லேசா ஆடினாலே அலை சிதறும், ஒயரும் அடிக்கடி பிடுங்கிக்கும். அதை விட சுலபமான வழி, ஒருத்தர் மணிக்கட்டுல விரல் வச்சு நாடியை உணரணும், இன்னொருத்தர் அந்த தாளத்துக்கு மைக்ரோபிட்ல பட்டன் ஏ-யை தட்டணும், ரெண்டு தட்டுக்கு நடுவுல இருக்கிற நேரத்தை வச்சு மைக்ரோபிட் துடிப்பை கணக்கு போட்டு காட்டும். நாடி பாக்கிற பிள்ளை மேசையில லேசா தட்ட, பக்கத்து பிள்ளை பட்டன் தட்டும். 15 வினாடி காத்திருக்க வேண்டியதில்ல, துடிப்பு இறங்க இறங்க நம்பரும் இறங்கறதை அப்படியே பாக்கலாம். செலவு பூஜ்யம், கூடவே கோடிங்கும் கணக்கும் சேந்து வருது.

அப்ப யார் எதை எடுக்கலாம்

ஸ்கூல்ல ஒரே ஒரு பீரியட்தான்னா விரலும் ஆக்சிமீட்டரும். ரெண்டு பீரியடும் கொஞ்சம் பட்ஜெட்டும் இருந்தா முதல் நாள் விரல், அடுத்த நாள் குரூப்புக்கு ஒரு மேல்கைப் பட்டை, டேட்டாவை பிள்ளைங்க லேப்டாப்ல பொது ஷீட்ல போட்டு கிராஃப், பேருக்கு பதிலா குரூப் எழுத்து மட்டும். பிஈ டீச்சரோட சேந்து செய்ய முடிஞ்சா இன்னும் நல்லது, நாப்ஃபாவுக்கு (ஸ்கூல்ல நடக்கிற உடல் தகுதித் தேர்வு) 2.4 கிலோமீட்டர் ஓடிப் பழகற நேரத்துல மூணு நாலு பேருக்கு பட்டை கட்டிவிட்டா பல வார மாற்றம் தெரியும். கோடிங் கிளப்னா மைக்ரோபிட். வீட்ல ஒரே ஒரு பிள்ளையோட ப்ராஜெக்ட்னா அப்பாவோட வாட்ச்சும், அதை சரி பாக்க விரலும்.

எதை எடுத்தாலும் பிள்ளைங்களை ஒருத்தரோட ஒருத்தர் போட்டி போட விடாதீங்க. யாரோட துடிப்பு அதிகம்னு வரிசை போட்டா குண்டா இருக்கிற பிள்ளை அன்னிக்கே சயின்ஸை வெறுத்துடும். தன்னோட ஓய்வு நம்பரோட தன்னோட ஓடின நம்பரை மட்டும் ஒப்பிட்டா போதும். 220-லேர்ந்து வயசைக் கழிக்கிற கணக்கும் பெரியவங்களுக்கான தோராயம்தான், அதை வச்சு பிள்ளைக்கு இலக்கு வைக்க வேண்டாம்.

ஆஸ்துமா இருக்கிற பிள்ளை, காய்ச்சல் வந்து எழுந்த பிள்ளை, இதய பிரச்சினை இருக்கிற பிள்ளை யாருன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கணும். நோன்பு மாசத்துல நோன்பு வச்சிருக்கிற பிள்ளைங்களுக்கு நேரம் பாக்கிற வேலை, கிராஃப் போடுற வேலை கொடுங்க. புகைமூட்டம் இருக்கிற நாள்ல வெளிய ஓட விடாம ஹால்லயே ஸ்டெப் ஏறி இறங்கட்டும், ரெண்டு நிமிஷம் போதும். யாராவது நெஞ்சு வலிக்குதுன்னோ தலை சுத்துதுன்னோ சொன்னா திரையில என்ன நம்பர் வருதுன்னு பாத்துக்கிட்டு நிக்காதீங்க, உடனே உக்கார வச்சு ஸ்கூல் ஆபீஸ்க்கு ஆள் அனுப்புங்க.